மணிக்கட்டில் ஒரு கணக்குப்பிள்ளை

நீச்சல் கைக்கடிகாரம் நீந்துவதைப் பார்ப்பதில்லை. கை ஆடுவதை எண்ணும். சுவரை உதைத்துத் திரும்பும் உந்தலை வைத்து ஒரு நீளம் முடிந்ததென்று பேரேட்டில் எழுதும். பலகையைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் உதைத்துப் போனால், கை அசையாததால் பல கடிகாரங்களில் அந்த உழைப்பு வரவிலேயே ஏறாது. கொச்சியின் மட்டாஞ்சேரிக் காயலிலோ சுவரே கிடையாது. ஜிபிஎஸ் சமிக்ஞையும் தண்ணீருக்குள் இறங்காது, கை மேலே வரும் கணத்தில்தான் இடம் பிடிக்கும். கொச்சிக்காரர்கள் வேலியிறக்கம் என்று சொல்லும் நீர் வடியும் நேரத்தில், காயல் கடலில் சேரும் அழிமுகம் பக்கமாக நீந்தினால் வேகம் பிரமாதம் என்று கடிகாரம் பாராட்டும். நீர் ஏறத் தொடங்கியதும் அதே ஆள் சோம்பேறி. இழுத்தது கடல், பேர் வாங்கியது தோள்.

தனியாக நீந்தி எண்ணிக்கை தவறுகிறவருக்கு உதவாதா என்றால், உதவும், கணக்குப்பிள்ளை வேண்டியதுதான். அவரையே ஆசானாக்கி, கை எப்படி நீரைப் பிடிக்கிறது என்று கரையிலிருந்து பார்க்கும் கண்ணை வீட்டுக்கு அனுப்புவதில்தான் வேடிக்கை. நேரத்துக்கும் கடைசிச் சாட்சி அவரல்ல. கேரளத்தின் சஜன் பிரகாஷ் 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலை 1:56.38-இல் முடித்து, ஒலிம்பிக் ‘ஏ’ தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரரானார். வரம்பு 1:56.48. அந்தப் பத்தில் ஒரு நொடி வித்தியாசத்தைச் சொன்னது மணிக்கட்டுக் கடிகாரமல்ல, குளத்துச் சுவரின் தொடுபலகை.