பதறுவதற்கு அவகாசம்

வேகம்தான் விறுவிறுப்பு என்றால் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தைப் பார்ப்பவர் ஒருவருக்கும் கொட்டாவி வரக்கூடாது. 2023-இல் தாராளமாக வந்தது. அந்த ஆண்டு நடந்த 22 பந்தயங்களில் 21-ஐ ரெட் புல் அணி வென்றது. அதிலும் 19 மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் என்ற ஒரே ஆளுக்குப் போனது. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பாய்கிற கார்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முன்னால் போகிறவர் முன்னாலேயேதான் வந்து சேர்வார் என்பது பாதி தூரத்திலேயே தெரிந்துவிட்டால், அப்புறம் அது 300 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிற சாமி ஊர்வலம். நம் தெருவைத் தாண்டும்போது ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போகலாம்.

இதற்கு நேர் எதிரே ஜப்பானியரின் சுமோவை வைத்துப் பாருங்கள். மேல்நிலைப் பிரிவில் மல்லர்கள் இருவரும் வளையத்துக்குள் வந்த பிறகு மோதலுக்குத் தயாராக நான்கு நிமிடம் வரை அவகாசம் உண்டு. அந்த நான்கு நிமிடமும் என்ன செய்கிறார்கள்? உப்பை அள்ளி வீசுகிறார்கள். காலைத் தூக்கித் தரையில் அறைகிறார்கள். குந்துகிறார்கள், முறைக்கிறார்கள், எழுந்து மூலைக்குப் போய் மறுபடி உப்பை அள்ளுகிறார்கள். மோதல் என்று ஒன்று தொடங்கிவிட்டால் பெரும்பாலும் சில நொடிகளில் ஒருவர் வளையத்துக்கு வெளியே கிடப்பார். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர் கூட்டிக் கழித்துப் பார்த்தால், மல்யுத்தத்தைவிட உப்பு வீசுவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறார். இருந்தும் அவர் ஏமாந்ததாக நினைப்பதில்லை. நேரம் முடிந்து, கடைசி முறையாக முகம் துடைக்க மல்லருக்குத் துண்டு நீட்டப்படும்போது அரங்கமே இரைகிறது. அதுவரை யாரும் யாரையும் தொட்டிருக்கக்கூட மாட்டார்கள்.

என் கட்சி இதுதான். ஆடுவது ஆட்டக்காரரின் வேலை. பார்க்க வந்தவரின் வேலை கவலைப்படுவது. அந்த வேலையைச் செய்ய அவருக்கு எந்த ஆட்டம் போதிய அவகாசமும் நியாயமான காரணமும் கொடுக்கிறதோ, அதுவே விறுவிறுப்பான ஆட்டம். உடல் திறமை, வேகம், அழகு எல்லாம் மதிக்கத்தக்கவை. ஆனால் மதிப்பு வேறு, நகம் கடிப்பது வேறு. ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை காற்றில் இரண்டு முறை சுழன்று இறங்குவதைப் பார்த்து நாம் வியக்கிறோம். வியப்புக்கு வாய் திறந்தால் போதும். கவலைக்கு நாற்காலியின் நுனி வேண்டும், பக்கத்தில் இருப்பவரின் முழங்கை வேண்டும், “ஐயோ, அவன்கிட்ட எதுக்குடா பந்தைக் குடுக்குற” என்று ஆலோசனை சொல்ல ஒரு வாய்ப்பு வேண்டும்.

அலங்காநல்லூர் வாடிவாசலில் இது துல்லியமாகத் தெரியும். காளை வெளியே வந்து கூட்டத்தைக் கடந்து போவது சில நொடிச் சமாச்சாரம். அதற்கு முன்னால் ஒலிபெருக்கியில் மாட்டுக்காரர் பெயர் வருகிறது, ஊர் வருகிறது, பிறகு பரிசுப் பட்டியல் வருகிறது: சைக்கிள், கட்டில், பீரோ, வெள்ளிக்காசு. பரிசு ஒவ்வொன்றாக ஏற ஏற, வாடிவாசலின் இரு பக்கமும் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும் இளைஞர்களின் நிலைமை மேலும் மேலும் கவலைக்கிடமாகிறது. ஏனென்றால், பீரோ கொடுக்கிறார்கள் என்றால் மாடு லேசுப்பட்டதாக இருக்க முடியாது. உள்ளே கொம்பு மரத்தில் இடிக்கிற ஓசை கேட்கிறது. மாடு இன்னும் தெரியவில்லை. அப்புறம் ஒரு பாய்ச்சல், திமிலில் ஒரு கை, மூன்று துள்ளல் தாங்குமா தாங்காதா என்பதற்குள் “மாடு ஜெயிச்சிருச்சு” என்று அறிவிப்பு. தோற்ற மனிதர் சட்டையில் ஒட்டிய தேங்காய் நாரைத் தட்டிவிட்டு மறுபடி சுவரோடு ஒட்டிக்கொள்கிறார். வாடிவாசல் என்ற அந்தக் குறுகிய வாயை எடுத்துவிட்டு, மாடுகளை ஒரு பரந்த மைதானத்தில் சும்மா அவிழ்த்துவிட்டிருந்தால், அதே மாடு, அதே வீரம், அதே ஆபத்துதான் இருந்திருக்கும். பாதிக் கூட்டம் கரும்பு ஜூஸ் கடைப் பக்கம் போயிருக்கும்.

காத்திருப்புதான் சுவை என்றால் மந்தமான ஆட்டம்தானே உலகிலேயே சிறந்த ஆட்டம் என்று ஒருவர் மடக்கலாம். நல்ல கேள்வி, இதற்குச் சரித்திரத்தில் சாட்சியே உண்டு. 1950 நவம்பரில் அமெரிக்காவில் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் என்ற கூடைப்பந்து அணி, மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19-18 என்ற கணக்கில் வென்றது. இது கால் பங்கு ஆட்டத்தின் கணக்கு அல்ல. முழு ஆட்டமே அவ்வளவுதான். எதிரணியில் ஜார்ஜ் மைக்கன் என்ற நெடியவர் இருந்ததால், பந்தை அவர் பக்கமே போகவிடாமல் கையிலேயே வைத்துக்கொள்வது என்று பிஸ்டன்ஸ் முடிவு செய்தார்கள். கடைசிக் கால் பகுதியில் இரு அணியும் சேர்ந்து எடுத்த புள்ளிகள் நான்கு. பந்து ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பத்திரமாகப் போய் வந்தது. பார்த்தவர்கள்தான் பத்திரமாக இல்லை, கூச்சல் போட்டார்கள். கடைசியில் டேனி பியாசோன் என்ற அணி உரிமையாளர் 1954-இல் ஒரு கணக்குச் சொன்னார்: ஒரு ஆட்டத்துக்கு 48 நிமிடம், அதாவது 2,880 நொடி, நல்ல ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து சுமார் 120 முறை கூடையை நோக்கி எறிகின்றன, வகுத்தால் 24. அன்றிலிருந்து பந்தைப் பிடித்த அணி 24 நொடிக்குள் எறிந்தாக வேண்டும். கூடைப்பந்து பிழைத்தது.

நம் பக்கத்துச் சாட்சியும் சளைத்ததல்ல. 1975 உலகக் கோப்பையின் முதல் நாள், லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்து 60 ஓவரில் 334 எடுத்தது. பதிலுக்கு ஆட வந்த சுனில் கவாஸ்கர் 60 ஓவரும் நின்றார், 174 பந்துகளைச் சந்தித்தார், ஆட்டமிழக்காமல் 36 எடுத்தார். இந்தியா 132-க்கு மூன்று விக்கெட். அந்த மூன்று விக்கெட் என்பதுதான் வேடிக்கை. ஏழு பேர் மிச்சம், 202 ரன்னும் மிச்சம். அங்கே காத்திருப்பு ஏராளமாக இருந்தது; ஆனால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது மட்டும் இல்லை. சுமோவின் நான்கு நிமிடத்துக்கும் கவாஸ்கரின் 60 ஓவருக்கும் வித்தியாசம் இதுதான்: முன்னதில் அடுத்த நொடி எல்லாமே தலைகீழாகலாம், பின்னதில் அடுத்த நொடி இன்னொரு தடுப்பாட்டம். பேஸ்பால் நிர்வாகிகளும் 2023-இல் பந்து வீசுபவருக்கு 15 அல்லது 20 நொடி என்று கடிகாரம் வைத்தார்கள். ஆட்டம் சராசரியாக 24 நிமிடம் சுருங்கியது. அதனால் ஒரு ரசிகரும் நஷ்ட ஈடு கேட்டதாகத் தெரியவில்லை. வெட்டியெறியப்பட்ட 24 நிமிடம் கவலைக்கானதல்ல, கையுறையைக் கழற்றி மாட்டுவதற்கானது. கபடிக்காரர்கள் இதை அழகாகப் பிடித்திருக்கிறார்கள். ஒரு ரைடுக்கு 30 நொடி. இரண்டு ரைடு வெறுமனே போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ரைடரே அவுட். பாடிக்கொண்டு போகிறவருக்கு மூச்சு முட்டுவதற்கு முன்பே நமக்கு முட்டிவிடுகிறது.

அடுத்து, தோற்கிறவரை ஆட்டம் எப்படி நடத்துகிறது என்று பார்க்க வேண்டும். எவருடைய நம்பிக்கை இன்னும் செத்துப்போகவில்லையோ அவரைப் பற்றித்தான் நாம் கவலைப்பட முடியும். மாரத்தானில் இரண்டு நிமிடம் பின்தங்கியவரைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை, தண்ணீர் கொடுக்கலாம். டென்னிஸ் அப்படியில்லை. ஒரு செட்டில் ஆறுக்குப் பூஜ்யம் என்று அடி வாங்கினாலும், அடுத்த செட்டில் பழைய கணக்கு முழுவதும் தள்ளுபடி. எந்த நிதியமைச்சரும் துணியாத காரியம் இது. 2019 விம்பிள்டன் இறுதியில் ரோஜர் ஃபெடரர் 218 புள்ளி எடுத்தார், நோவாக் ஜோகோவிச் 204. இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் கோப்பை என்ற நிலைக்கு ஃபெடரர் இரண்டு முறை வந்தார். நான்கு மணி 57 நிமிடம் கழித்துக் கோப்பையைத் தூக்கியவர் ஜோகோவிச். எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் அந்தக் கணக்குமுறை இல்லையென்றால் அந்த ஆட்டம் எப்போதோ முடிந்திருக்கும். கால்பந்து இதே வேலையை வேறு வழியில் செய்கிறது. கோலை அவ்வளவு அரிதாக்கி வைத்திருப்பதால், ஒன்றுக்குப் பூஜ்யம் என்பது எண்பத்தொன்பதாவது நிமிடத்திலும் பயமுறுத்துகிற முன்னிலைதான், முன்னிலையில் இருப்பவரையே பயமுறுத்துகிற முன்னிலை.

நம்பிக்கைக்கு முடிவே இல்லாமல் போனாலும் கவலை கெட்டுவிடும் என்பதற்கு டர்பன் சாட்சி. 1939 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவும் இங்கிலாந்தும் அங்கே காலவரம்பில்லாத டெஸ்ட் ஆடின. யாராவது ஜெயிக்கும் வரை ஆட்டம் என்பது ஒப்பந்தம். மூன்றாம் தேதி தொடங்கியது. பதினான்காம் தேதி இங்கிலாந்து 696 என்ற இலக்கைத் துரத்தி, ஐந்து விக்கெட்டுக்கு 654 எடுத்திருந்தது. 42 ரன்தான் பாக்கி, ஐந்து விக்கெட் கையில். ஆனால் கேப் டவுனில் கப்பல் கிளம்பத் தயாராக நின்றது. ரயிலைப் பிடித்துப் போய்க் கப்பல் ஏறினால்தான் ஊர் போய்ச் சேர முடியும். ஆட்டம் டிரா. பதினோரு நாளாக இல்லாத பரபரப்பு அந்தக் கடைசி நாளில்தான் வந்தது. அதைக் கொடுத்தது கப்பல் கம்பெனியின் கால அட்டவணை. இதற்குப் பக்கத்தில் 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்டை வையுங்கள். ஐந்து நாள், அதற்குமேல் ஒரு பந்து கிடையாது. இந்தியாவுக்கு 348 இலக்கு. கடைசி ஓவரில் நான்கு ரன் வேண்டும், ஒரு விக்கெட் பாக்கி. ரவி சாஸ்திரி மூன்று ரன் எடுத்து ஸ்கோரைச் சமன் செய்து, மறுமுனைக்குப் போய் நின்றார். மட்டையைப் பிடித்து நின்றவர் மணிந்தர் சிங். பேட்டிங் அவருடைய தொழிலல்ல. சென்னை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசிய கிரெக் மாத்யூஸ், ஐந்தாவது பந்தில் அவரை எல்பிடபிள்யூ ஆக்கினார். டை. அந்த ஐந்து நாளில் தூங்கியவர்கள் உண்டு, தயிர்சாதம் சாப்பிட்டவர்கள் உண்டு. அந்த ஐந்து பந்தில் இரண்டையும் செய்தவர்கள் இருக்க முடியாது.

இதெல்லாம் வீண் ஆராய்ச்சி, நம்ம ஆள் ஆடினால் விறுவிறுப்பு, இல்லையென்றால் இல்லை என்பார்கள். கொஞ்சம் உண்மை உண்டு. நம்ம ஆள் இருந்தால் கவலைக்கு முன்பணம் போட்ட மாதிரிதான். ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் 2019 ஜூலை 14 அன்று நம் ஊரில் எல்லாரும் சீக்கிரம் படுத்திருக்க வேண்டும். தோனி ரன் அவுட் ஆகி இந்தியா கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதியில் வெளியேறி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. இறுதியில் ஆடியது இங்கிலாந்தும் நியூசிலாந்தும். ஒன்று 200 வருஷம் நம்மை ஆண்ட நாடு, இன்னொன்று நான்கு நாள் முன்பு நம்மைத் தோற்கடித்த நாடு. இருவருமே தோற்றால் தேவலை என்று உட்கார்ந்தவர்களும், 241-க்கு 241, சூப்பர் ஓவரில் 15-க்கு 15 என்று ஆனதும் எழுந்து நின்றுவிட்டார்கள். கடைசியில் பவுண்டரிகளை எண்ணி, 26-க்கு 17 என்று இங்கிலாந்துக்குக் கோப்பையைக் கொடுத்தபோது, ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத நியூசிலாந்துக்காக இங்கே டீக்கடைகளில் நியாயம் கேட்டார்கள்.

காத்திருக்கும்போது யோசிக்கத் தீனியும் வேண்டும். கிரிக்கெட்டின் டிஆர்எஸ், கால்பந்தின் விஏஆர் இரண்டும் ஆட்டத்தை நிறுத்தி வைத்துப் படத்தை மறுபடி பார்க்கிற ஏற்பாடுகள்தான். ஆனால் முதலாவதை ஜனங்கள் ரசிக்கிறார்கள், இரண்டாவதைத் திட்டுகிறார்கள். டிஆர்எஸ்ஸில் முதலில் பந்து வீசியவரின் கால் கோட்டைத் தாண்டியதா, அப்புறம் மட்டையில் உரசியதா என்று ஒரு கோடு துடிக்கிறது, அப்புறம் பந்து எங்கே குத்தியது, காலில் எங்கே பட்டது, ஸ்டம்பில் படுமா என்று ஒவ்வொரு கட்டமாக வருகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் சோபாவில் ஒரு தீர்ப்பு முன்கூட்டியே வழங்கப்படுகிறது. விஏஆரில் நடுவர் காதில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார். எங்கோ ஓர் அறையில் யாரோ யாருக்கோ ஏதோ சொல்கிறார்கள். மைதானத்தில் இருப்பவர், போட்ட கோலுக்குக் கட்டிப்பிடித்ததை வாபஸ் வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறார். 2023 மகளிர் உலகக் கோப்பையில் நடுவர்களே ஒலிபெருக்கியில் முடிவை அறிவித்தார்கள், ஏதோ புரிந்திருக்கிறது.

எதுவுமே அசையாத ஆட்டம் ஒன்று உண்டே, அது இதில் எங்கே வரும் என்று கேட்பவருக்குச் சிங்கப்பூரைக் காட்டலாம். 2024 டிசம்பர் 12, உலக சதுரங்கப் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டம். அதுவரை குகேஷும் டிங் லிரெனும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி. ஆட்டம் டிராவை நோக்கித் தூங்கி வழிந்துகொண்டிருந்தது. ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் டிங் தன் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். நேரலையில் திரையோரம் ஒரு பட்டை இருக்கும். கணினி கணக்குப் போட்டு யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும். அது சட்டென்று சாய்ந்தது. வர்ணனையாளர்கள் அலறினார்கள். உலகம் முழுக்க, குதிரை எப்படிப் போகும் என்றுகூடச் சரியாகத் தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிட்டது; தெரியாதவர் பதினெட்டு வயதுப் பையன் குகேஷ் ஒருவர்தான். பார்த்துவிடுவாரா, பார்க்காமல் விட்டுவிடுவாரா? சொல்லவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. பலகையையே பார்த்துக்கொண்டிருந்த முகம் மாறியது, கண் விரிந்தது, கொஞ்சம் தண்ணீர் குடித்தார், யானையை யானையால் வெட்டினார். சற்று நேரத்தில் டிங் கை கொடுத்தார். அந்தச் சில நொடிகளின் கவலை முழுவதையும் நாம்தான் பட்டோம். பரிசுப் பணத்தைப் பிரித்தபோது அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.