வார்டன் பதவிக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: நான்காம் வகுப்புத் தேறிய மூத்த குடிமகன், ராஜா அண்ணாமலைபுரம், சென்னை – 28.

பெறுநர்: குடிமைப் பாதுகாப்புக் கட்டுப்பாட்டாளர் அவர்கள், சென்னை.

பொருள்: எங்கள் தெருவுக்கு வார்டன் நியமிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: குடிமைப் பாதுகாப்புச் சட்டம், 1968.

ஐயா,

2025 மே 7 அன்று நாடு முழுக்கப் போர்க்கால ஒத்திகை நடந்தது. தமிழ்நாட்டில் அது நடந்தது எங்களுக்கு வடக்கே சென்னைத் துறைமுகத்திலும், தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நாங்கள் அதை டிவியில் பார்த்தோம். 1914-இல் தன் மீது குண்டு போட்ட எம்டன் கப்பலின் பெயரையே கெட்டிக்காரனுக்குப் பட்டப்பெயராக்கிக்கொண்ட ஊர் இது. எனவே யாரும் பதறவில்லை.

சைரன் ஏறி இறங்கி ஒலித்தால் அபாயம், ஒரே சீராக ஒலித்தால் அபாயம் நீங்கியது என்று விளக்கினார்கள். இதில் எங்களுக்கு ஒரு சங்கடம். பக்கத்திலேயே கிரீன்வேஸ் சாலை. அமைச்சர்கள் குடியிருக்கும் இடம். சைரன் கேட்டால் ஓரமாக ஒதுங்கி நின்றே பழகிவிட்டோம். தலைக்கு மேல் போர் விமானமே வந்தாலும் ‘கான்வாய் போகட்டும்’ என்று நிற்போம்.

ஆகவே சட்டத்தைப் படித்தேன். தன்னார்வலர்களைச் சேர்த்துப் படை அமைக்கலாம். மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர் அதன் கட்டுப்பாட்டாளர். படைக்குப் பன்னிரண்டு பிரிவுகள். தீயணைக்க ஒன்று, மீட்க ஒன்று, பிணங்களை அகற்றக்கூட ஒன்று. அந்தக் கடைசிப் பிரிவுக்கு வேலை வைக்காமல் பார்த்துக்கொள்ளும் வார்டன் பிரிவுதான் எங்களுக்கு வேண்டும். எந்த வீட்டில் எத்தனை பேர், யாரால் நடக்க முடியாது என்று தெரிந்துவைத்திருப்பவர்தானே வார்டன்? நம் தெரு வார்டன் யார் என்று குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். “எந்த ஹாஸ்டலுக்கு சார்?” என்று பதில் வந்தது.

தகுதி: பதினெட்டு வயது, நான்காம் வகுப்பு. இரண்டும் எனக்கு உண்டு. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கையெழுத்துப் போடும்போதுதான் உறைத்தது. என் மாடியிலேயே எதிர் வீட்டில் இருப்பவர் பெயர் எனக்குத் தெரியாது.

தெரிந்தவர் ஒருவர் உண்டு. வேப்பமரத்தடி இஸ்திரிக்காரர். ஐந்தாவது வரை படித்தவர். தேவைக்கு ஒரு வகுப்பு அதிகம். மூன்றாம் மாடி மாமிக்கு இரண்டு முழங்காலும் மாற்றியிருக்கிறார்கள், லிஃப்ட் நின்றால் இறங்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். முதல் மாடித் தாத்தாவின் வேட்டி வருவது நின்ற வாரமே, பெரியவர் படுத்துவிட்டார் என்று கண்டுகொண்டவர் அவர். குடியிருப்போர் சங்கத்துக்கு அது ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது.

சிக்கல் ஒன்றுதான். பணிக்குக் கூப்பிட்டு வராத உறுப்பினருக்கு 500 ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டத்தின் பிரிவு 11. தொடர்ந்து வராவிட்டால் நாளுக்கு 50 வரை. வந்தவருக்கு? பெரும்பாலும் கௌரவம்தான். கௌரவத்தைப் போட்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்ற முடியாது. அவருடைய ஒரு நாள் கூலிக்கு வழி செய்யுங்கள்.

போருக்கென எழுதிய இந்தச் சட்டத்தில் 2009-இல் பேரிடரையும் சேர்த்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 2015 டிசம்பரில், அடையாறு கரை மீறியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோட்டூர்புரத் தெருக்களில் மீனவர்களின் ஃபைபர் படகுகள் ஓடின. மீட்புப் பிரிவு என்று ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது. தெரியாமலேயே வந்துவிட்டார்கள். அவர்கள் மீது பிரிவு 11 பாயாது என்று நம்புகிறேன்.

எனவே, என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உங்கள் பதிவேட்டில் இஸ்திரிக்காரரை வார்டன் பிரிவிலும், படகுக்காரர்களை மீட்புப் பிரிவிலும் எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சி தருவதானால் தாராளமாகத் தாருங்கள். முடிந்தால், பயிற்சி தருபவரும் ஒரு நாள் துணி மூட்டையோடு எங்கள் மாடிகளில் ஏறி இறங்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வார்டனாகத் தகுதியில்லாதவன்.

இணைப்பு: நான்காம் வகுப்புச் சான்றிதழ் (இனித் தேவைப்படாது).

நகல்: இஸ்திரி வண்டி, வேப்பமரத்தடி (மாலை என் சட்டைகளோடு சேர்த்து நேரில் தரப்படும்).