முப்பது ஆம்பியர் பள்ளிக்கூடம்

கட்டில் வைத்த எந்த வண்டியிலும் இனி ஏறமாட்டேன் என்று 2008 டிசம்பரில் சத்தியம் செய்தவள் என் மகள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. இப்போது அவள் குடியிருப்பது ஒரு ஸ்ப்ரின்டர் வேனில். கூரையில் சோலார் பலகை, கட்டிலுக்கடியில் லித்தியம் பேட்டரி, பின்கதவோரம் ஸ்டார்லிங்க் தட்டு. யூட்டாவில் ஏதோ ஒரு செம்பாறை நிழலில் வண்டியை நிறுத்திக்கொண்டு, நியூயார்க் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள். அந்த வேனுக்குக் கொடுத்த விலையில் நாங்கள் ஹூஸ்டனில் முதல் வீட்டையே வாங்கியிருந்தோம். "மெதுவா போகணும்மா, ஒரு இடத்துல தங்கிப் பழகணும்" என்று எனக்குப் போனில் பாடம் வேறு. ஏற்றத்தில் லாரிகள்கூட ஹார்ன் அடித்து முந்திப் போகிற வண்டியில் அவளை உட்கார வைத்துப் பாதி அமெரிக்காவைக் காட்டியவள் நான். அதைவிட மெதுவாக எவரும் போயிருக்க முடியாது.

அந்த வண்டி வந்த கதை சுருக்கமானது. 2008 கோடையில் என் கணவர் வேலை பார்த்த கம்பெனி அவருடைய பிரிவையே இழுத்து மூடியது. கையில் சில மாதச் சம்பளம் கொடுத்தார்கள். கிரீன் கார்டு வந்துவிட்டதால் பெட்டி கட்ட வேண்டிய பயம் இல்லை. கூட வேலை இழந்தவர்கள் எல்லாம் ரெஸ்யூமே எழுதிக்கொண்டிருக்க, இவர் விளம்பரம் பார்த்து, ஆர்.வி. என்கிற வீட்டு வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். நாடு முழுக்கப் பெட்ரோல் கேலன் நாலு டாலரைத் தாண்டியிருந்த ஜூலை மாதம் அது. வண்டி கேலனுக்கு எட்டு மைல் கொடுத்தது, அதுவும் இறக்கத்தில்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். விமான நிலையத்தில் ஆறு மாதத்துக்கு முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள். தம்பி மனைவிக்குப் பிரசவம் என்று அம்மா ஊரிலேயே நின்றுவிட்டாள். அப்பாவைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது. வண்டியைச் சுற்றி வந்து பார்த்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பிள்ளேளுக்குப் பள்ளிக்கூடம்?"

"வண்டியிலேயே நாங்க சொல்லிக் கொடுப்போம்ப்பா."

"டி.இ.ஓ. ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டியா?"

டெக்ஸஸில் அப்படி மாவட்டக் கல்வி அதிகாரி யாரிடமும் எதையும் எழுதி வாங்க வேண்டியதில்லை என்பதை அவருக்கு விளக்க ஒரு சாயங்காலம் ஆயிற்று. அந்த மாநிலத்தில் வீட்டுக் கல்வி என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு தனியார் பள்ளி. 1994-ல் மாநில உச்ச நீதிமன்றமே அதை உறுதி செய்துவிட்டது. பதிவு கிடையாது, பரீட்சை கிடையாது, ஆய்வாளர் கிடையாது. பிள்ளையை நிறுத்துகிறோம் என்று பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்தால் தீர்ந்தது. ஐந்து விஷயம் மட்டும் பாடத்தில் இருக்க வேண்டும்: வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமகனாக இருப்பது.

"ஏட்டி, அறிவியல் எங்க?"

"சட்டத்துல இல்லப்பா."

"சரித்திரம்?"

"அதுவும் இல்ல."

அப்பா எழுந்து போய்விட்டார். மறுநாள் என்னோடு கடைக்கு வந்து நீள நோட்டு ஒன்று வாங்கினார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வருகைப் பதிவேடு தயார் செய்தார். இரண்டு பெயர். பின்பக்கத்திலிருந்து பாடக் குறிப்பு. ஆய்வாளர் எந்த ஊரில் வேண்டுமானாலும் திடீரென்று வரலாம் என்பது அவருடைய கணக்கு.

இப்படியாக நாங்கள் புறப்பட்டோம். இன்றைக்கு இதற்கெல்லாம் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பணம் கட்டினால் வாரவாரியாகத் திட்டம் போட்டுக் கொடுப்பார்கள். எங்களிடம் இருந்தது ராண்ட் மெக்னலி ரோடு அட்லஸ், இரண்டு அட்டைப்பெட்டி நிறைய சாக்ஸன் கணக்குப் புத்தகம், பிரஷர் குக்கர், 110 வோல்ட் மிக்ஸி, அப்பா. காலை ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் பள்ளி தொடங்கும். "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். தாத்தாவை ஐயா என்று கூப்பிட முடியாது என்று மகள் முதல் நாளே மறுத்துவிட்டாள். அவள் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் "தாமதம்" ஏறியது. மகனுக்கு எட்டு வயது. ஓட்டுநர் தலைக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் படுக்கையில் தூங்குவான். வகுப்புக்கு நேர் மேலே குறட்டை விட்டுக்கொண்டிருந்தவனுக்கு அப்பா ஆப்சென்ட் போட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

சட்டத்தில் இல்லாத அறிவியல் கார்ல்ஸ்பாடில் வந்து சேர்ந்தது. நியூ மெக்ஸிகோ வெயில். முகாமில் எங்கள் வண்டிக்குக் கொடுத்த மின் இணைப்பு முப்பது ஆம்பியர். கூரையில் ஏ.சி. ஓடுகிறது, மைக்ரோவேவில் ஏதோ சூடாகிறது, நான் சட்னிக்கு மிக்ஸியைத் திருகினேன். எல்லாம் அணைந்தது. கணவர் பிரேக்கரைத் தேடிப் போனார். அப்பாவோ, இருபது வருஷம் ஆய்வகம் இல்லாத பள்ளியில் ஓம் விதி நடத்திய மனிதர், சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். 120 வோல்ட்டை முப்பதால் பெருக்கினால் 3,600 வாட். ஒவ்வொரு சாதனத்தின் முதுகிலும் என்ன வாட் எழுதியிருக்கிறது என்று பிள்ளைகளைக் குனிந்தும் படுத்தும் படிக்க வைத்தார். ஏ.சி.யும் மைக்ரோவேவும் சேர்ந்தாலே முக்கால்வாசிக்கு மேல் போய்விடுகிறது. மீதியில் நானும் என் தேங்காயும். அன்று மாலையே குளிர்பெட்டி மேல் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது: "சட்னி அரைக்கும் வேளையில் ஏ.சி. நிறுத்தப்படும். இப்படிக்கு, தலைமையாசிரியர்." அந்த விதியை மகன் இன்றைக்கும் மறக்கவில்லை. சாக்ஸன் புத்தகத்தின் அட்டை என்ன நிறம் என்று கேட்டால் தெரியாது.

அப்பா ஏற்றுக்கொள்ளாத விஷயம் ஒன்று உண்டு. அடுப்புக்கு நாலடி தள்ளி கக்கூஸ். அது அவருக்கு வீடே இல்லை. எந்த முகாமானாலும் டார்ச் எடுத்துக்கொண்டு பொதுக் கழிப்பறைக்கு நடந்தே போய் வருவார். யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமுக்கு வந்தோம். அங்கே கூடாரம் போட அனுமதியே இல்லை. கெட்டிச் சுவருள்ள வண்டிகள் மட்டும்தான். ஏன் என்று அப்பா கேட்க, பேத்தி அறிவிப்புப் பலகையை நிறுத்தி நிதானமாக வாசித்து மொழிபெயர்த்தாள். கிரிஸ்லி கரடி. அன்று இரவு டார்ச் வெளியே போகவில்லை. மறுநாளிலிருந்து அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை.

அந்தக் கழிவுத் தொட்டிதான் மகனுடைய துறை. கழிப்பறை நீர் கறுப்புத் தொட்டியில், குளித்ததும் பாத்திரம் கழுவியதும் சாம்பல் தொட்டியில் சேரும். முதலில் கறுப்பைத் திறக்க வேண்டும், அப்புறம்தான் சாம்பல். சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். மாற்றித் திறந்த ஒரு பெரியவருக்கு, வயோமிங்கில், என் மகன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வகுப்பே எடுத்தான். நல்ல குடிமகன் பாடத்தில் அன்றைக்கு அப்பா அவனுக்கு முழு மதிப்பெண் போட்டார். அந்தப் பாடத்தில் அப்பாவுக்கும் நாட்டம் உண்டு. தேசியப் பூங்காக்களில் குழந்தைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் என்று பயிற்சிப் புத்தகம் கொடுத்து, முடித்தால் உறுதிமொழி வாங்கி பேட்ஜ் குத்துவார்கள். சுற்றுலா விசாவில் வந்த அப்பாவும் வலது கையைத் தூக்கிக்கொண்டு அமெரிக்காவின் இயற்கையைக் காப்பதாக வாக்குக் கொடுத்தார்.

லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்த செய்தி யெல்லோஸ்டோன் கடையில் ஒரு பழைய செய்தித்தாளில்தான் எங்களுக்குக் கிடைத்தது. கணவர் இரண்டு முறை படித்தார். இனி தேடினாலும் வேலை கிடைக்காது என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

ஸயன் பூங்காவில் 1930-ல் திறந்த சுரங்கப்பாதை ஒன்று இருக்கிறது, மைலுக்குச் சற்றே அதிக நீளம். அந்தக் காலத்துக் கார்களுக்கு வெட்டியது. எங்கள் வண்டி போன்ற உயரமானவை நடுச்சாலையில் போனால்தான் கூரை இடிக்காது. அதனால் அப்போது பதினைந்து டாலர் வாங்கிக்கொண்டு, எதிர்த்திசை வண்டிகளை மறுமுனையில் நிறுத்திவிட்டு, எங்களை அனுப்பினார்கள். வெளியே வந்ததும் காத்திருந்த கார்களின் வரிசை. முன் இருக்கையில் இருந்த அப்பா துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார். "மாப்ளே, நம்ம ஊர்ல மந்திரி வந்தாத்தான் இப்படி நிப்பாட்டுவான்."

கிராண்ட் கேன்யனில் என்ன நடக்கும் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கின் சிகரங்களுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில், பிரம்மா கோயில் என்றெல்லாம் பெயர். 1880-களில் அங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் தொடங்கி வைத்த வழக்கம். அடியில் ஆற்றோரம் தெரியும் கறுத்த பாறைக்கு விஷ்ணு ஷிஸ்ட் என்று பெயர். வயது ஏறத்தாழ 170 கோடி ஆண்டு. 1937-ல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், தனித்துக் கிடக்கும் சிவன் கோயில் உச்சியில் வேறு வகைப் பிராணிகள் உருவாகியிருக்கின்றனவா என்று பார்க்க ஆட்களை ஏற்றியது. அப்படி ஒன்றும் அகப்படவில்லை. "சிவன் கோயில்ல போய் எலி தேடியிருக்கான்" என்றார் அப்பா. பிறகு கணக்கில் இறங்கினார். பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு. விஷ்ணு பாறையின் வயது அதில் எத்தனை பங்கு? மகன் தரையில் குச்சியால் வகுத்து, நூற்றுக்கு முப்பத்தொன்பது என்றான். "அப்ப மத்தியானச் சாப்பாடு இன்னும் ஆகல" என்றார் அப்பா. பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மகள் சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்குத் தாமதம் போடவில்லை.

அங்கிருந்து கிழக்கே டூபா சிட்டிக்குப் போனபோது பள்ளியே ஆட்டம் கண்டது. அரிஸோனா மாநிலம் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதற்குள் இருக்கும் நவஹோ தேசம் மாற்றுகிறது. நவஹோ நிலத்தால் சூழப்பட்ட ஹோப்பி மக்கள் மாற்றுவதில்லை. டூபா சிட்டி நவஹோ; அதை ஒட்டியே இருக்கும் மோயன்கோப்பி ஹோப்பி. ஒரு சாலையைத் தாண்டினால் ஒரு மணி நேரம் போய்விடும், திரும்பித் தாண்டினால் வந்துவிடும். பிள்ளைகள் இதைக் கண்டுபிடிக்க அரை நாள்கூட ஆகவில்லை. நவஹோ நேரப்படி பள்ளி முடிந்துவிட்டது என்று இருவரும் சேர்ந்து மனு கொடுத்தார்கள். அப்பா பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். எந்த டி.இ.ஓ.வும் அவருக்கு இதைக் கற்றுத் தந்திருக்கவில்லை.

டிசம்பரில் ஹூஸ்டன் திரும்பினோம். பெட்ரோல் அதற்குள் இரண்டு டாலருக்கும் கீழே வந்திருந்தது. வண்டியை விற்கப் போனால் வாங்க ஆளில்லை. நாடு முழுவதற்கும் 2009-ல் கடைகளுக்குப் போன புது ஆர்.வி.க்களே ஒன்றே முக்கால் லட்சத்தை எட்டவில்லை. வந்த விலைக்குக் கொடுத்தோம். 2021-ல் அந்த எண்ணிக்கை ஆறு லட்சம். எங்களைப் பார்த்து "பிள்ளைகள் படிப்பைக் கெடுத்துவிட்டீர்களே" என்று வருத்தப்பட்ட நண்பர்களில் இரண்டு பேர் அந்த ஆறு லட்சத்தில் சேர்த்தி. 2020 வசந்தத்தில் வீட்டுக் கல்விக் குடும்பங்கள் நூற்றுக்கு ஐந்து. அந்த இலையுதிர் காலத்துக்குள் பதினொன்று என்று சென்சஸ் அலுவலகம் சொன்னது. அப்போதுதான் எங்கள் வீட்டு போன் அடிக்கத் தொடங்கியது. என்ன பாடத்திட்டம் வைத்திருந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அப்பாவின் வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்தேன்.

போன மே மாதம் மகளோடு வேனில் கொஞ்ச நாள் இருந்தேன். அவளுடைய கழிப்பறையில் தண்ணீரே இல்லை. சிறுநீர் தனி, மற்றது தேங்காய் நாரில் மட்கும். வீடியோவில் அதைப் பார்த்த அப்பா, எண்பத்தைந்து வயதில், "எருக்குழியை வீட்டுக்குள்ள வச்சிட்டா" என்றார். பேஜ் ஊருக்குப் பக்கத்தில் குதிரைலாட வளைவுக்குப் போனோம். 2008-ல் ரோட்டோரம் நிறுத்திவிட்டு மணலில் நடந்துபோய், கம்பி வேலி எதுவும் இல்லாத விளிம்பில் மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடம். இப்போது பத்து டாலர் பார்க்கிங், கைப்பிடிக் கம்பி, படம் எடுக்க வரிசை. அந்த வரிசையில் நின்றபோதுதான் மகளுக்கு மீட்டிங் தவறியது. ஊர் நவஹோ எல்லையில் இருப்பதால் போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டுகிறது. இவ்வளவு வாங்கி மாட்டியும் நேரம் மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. பதிவேடு கையில் இருந்தால் சிவப்பு மையில் எழுதியிருப்பேன்.

அவளுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் "சாலையிலேயே வளர்ந்தவள்" என்று போட்டிருக்கிறாள். வளர்ந்தது ஹூஸ்டனில், மூன்று படுக்கையறை வீட்டில், பியானோ வகுப்போடு.

டெக்ஸஸ் 2025-ல் புதுச் சட்டம் கொண்டுவந்தது. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் வரை அரசே கொடுக்கும். அப்பாவிடம் சொன்னேன். "காசு குடுத்தா ஆடிட் உண்டு. அந்த ரிஜிஸ்தரைப் பத்திரமா வை" என்றார்.

மகன் இப்போது ஹூஸ்டன் பக்கத்தில் அரசுப் பள்ளியில் நாலாம் வகுப்பு ஆசிரியர். மணியடித்து ஒரு நிமிஷம் கழித்து வந்தாலும் குறித்து வைப்பவன் என்று கேள்வி. சில வாரம் முன்பு கோபமாகக் கூப்பிட்டான். வகுப்பில் நன்றாகப் படிக்கிற ஒரு சிறுமியை நிறுத்திவிட்டு, அவள் பெற்றோர் ஒரு வருஷம் ஆர்.வி.யில் ஊர் சுற்றக் கிளம்புகிறார்களாம்.

"சும்மா இப்படிக் கூட்டிட்டுப் போனா எப்படிம்மா? சயின்ஸ் யாரு சொல்லித் தருவா?"

"நீயும் போயிருக்கியேடா."

"அது வேற. தாத்தா இருந்தாங்க."

பிள்ளையை நிறுத்துகிறோம் என்று அவர்கள் கொடுத்த கடிதத்துக்கு அனுமதி கொடுத்தாயா என்று கேட்டேன். யாரும் அனுமதி கொடுக்க வேண்டியதில்லை, தெரிவித்தால் போதும், இந்த மாநிலத்துச் சட்டம் அவ்வளவு கேவலம் என்று சொல்லிவிட்டு, அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று வைத்துவிட்டான்.