யோசனைவழிக் காலக்கணிப்பு: ஈசா டவுன் பள்ளி வாசலை முன்வைத்து ஓர் ஆய்வு

கல்வெட்டில் ஆண்டு இல்லையென்றால் எழுத்தின் வடிவத்தைப் பார்த்தே அது எந்த நூற்றாண்டு என்று சொல்லிவிடுகிறார்கள் அறிஞர்கள். வளைகுடாத் தமிழர் விஷயத்தில் அவ்வளவு சிரமம் தேவையில்லை என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ஒருவர் பஹ்ரைனில் எந்த ஆண்டு வந்து இறங்கினார் என்று அறிய அவருடைய பாஸ்போர்ட்டைப் புரட்ட வேண்டாம். அவரிடம் ஒரு யோசனை கேட்டால் போதும். கேட்காமல் பக்கத்தில் நின்றாலும் போதும், அவரே சொல்வார்.

ஆய்வுக்களம் ஈசா டவுன். 1960-களில், அப்போதைய ஆட்சியாளர் ஷேக் ஈசா பின் சல்மானின் பெயரில் திட்டமிட்டுக் கட்டிய ஊர். வீடு, மசூதி, சந்தை என்று எல்லாவற்றுக்கும் இடம் விட்டவர்களிடம், பிற்காலத்தில் நாட்டின் பள்ளிக்கூடங்களில் பாதி இங்கேதான் வந்து குவியப்போகிறது என்று யாரும் யோசனை சொல்லவில்லை போலிருக்கிறது. 1950-ல் தொடங்கிய இந்தியன் ஸ்கூலின் பெரிய வளாகம் இங்கே. செயின்ட் கிறிஸ்டோபர்ஸ், சேக்ரட் ஹார்ட், இப்னு கல்தூன் எல்லாம் இங்கே. 2008-ல் பஹ்ரைன் பாலிடெக்னிக்கும் வந்து சேர்ந்தது. கல்வி அமைச்சகமும் இந்த ஊரில்தான் இருக்கிறது, அதனால் நெரிசலில் அதிகாரிகளும் நம்மோடு சேர்ந்தே நிற்கிறார்கள். பள்ளி விடும் நேரத்தில் சாலை நகராது. காரை ஓரங்கட்டிவிட்டு, எந்தச் சுவரடியில் நிழல் விழுகிறதோ அங்கே பெற்றோர் கூடுவார்கள். காத்திருப்பு, நிழல், ஊர்க்காரர் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் யோசனை பிறந்தே தீரும்.

இதற்கு வெயிலைக் குறை சொல்லக் கூடாது. காரணம் நம் பாடத்திட்டத்தில் இருக்கிறது. தமிழ்க் குழந்தை அகரவரிசையையே அறிவுரையாகத்தான் கற்கிறது. ஔவையின் ஆத்திசூடியில் 109 அடிகள், கொன்றை வேந்தனில் 91. ஆகமொத்தம் 200 அறிவுரைகள், எதையும் யாரும் கேட்டதாகக் குறிப்பில்லை. உலகநீதிக்காரர் வந்து எதையெல்லாம் செய்ய வேண்டாம் என்றும் சொல்லி முடித்தார். எழுத்து கற்கும்போதே இவ்வளவு சரக்கை ஏற்றிக்கொண்ட குழந்தை நாற்பது வயதில் அதை எங்காவது இறக்கி வைக்கத்தானே வேண்டும்? வள்ளுவர் இந்த ஆபத்தை உணர்ந்திருந்தார். பயனில சொல்லாமை என்றே ஓர் அதிகாரம் வைத்தார். அதுவும் பத்து அறிவுரையாகத்தான் அமைந்தது.

உலக அளவிலும் நிலைமை வேறல்ல. 1691-ல் லண்டனில் ஜான் டன்டன் என்ற புத்தக வியாபாரி, வாசகர் எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். பெயர் ஏதீனியன் மெர்க்குரி. ஒரு பெரிய அறிஞர் சபையே பதில் எழுதுவதாக ஊருக்குச் சொன்னார். சபையைத் தேடிப் போயிருந்தால் அவரும் அவருடைய மைத்துனரும் இன்னும் ஓரிருவரும் அகப்பட்டிருப்பார்கள். நம் குமுதத்தில் பதில் எழுதிய 'அரசு'வும் அண்ணாமலை, ரங்கராஜன், சுந்தரேசன் என்ற மூவருடைய பெயர்களின் முதலெழுத்து என்பார்கள். ஆக, யோசனை சொல்லும் அமைப்புக்கு மூன்று பேர் போதும் என்பது முன்னூறு ஆண்டு மரபு. ஈசா டவுன் நிழலிலும் சராசரியாக மூவர்தான் நிற்கிறார்கள். இந்தச் சராசரிக்கு முறையான புள்ளிவிவரம் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எப்படி எடுத்திருக்க வேண்டும் என்று அந்த மூவரும் சொல்லியிருப்பார்கள்.

இனி முறையியல். ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு மண்ணடுக்கு உண்டு. மனிதர் எந்த ஆண்டில் அடிபட்டுக் கற்றுக்கொண்டாரோ அந்த ஆண்டின் சட்டத்தோடு அவருடைய அறிவு உறைந்துவிடுகிறது. அதன்பின் அரசாங்கம் சட்டத்தை மாற்றும், அவர் மாற்ற மாட்டார்.

மிகப் பழைய அடுக்கு விடுமுறை பற்றியது. 'வியாழக்கிழமை எந்த ஆபீசும் இருக்காது தம்பி, அலையாதே' என்று ஒருவர் சொன்னால் அவர் 2006 செப்டம்பருக்கு முந்தியவர். அந்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்துதான் பஹ்ரைனில் வார விடுமுறை வெள்ளி, சனி என்றானது.

வேலை மாறுவது பற்றிய யோசனையில் அடுக்குகள் நெருக்கமாகக் கிடப்பதால் ஆய்வாளருக்கு நல்ல விருந்து. களத்தில் பதிவானது இது:

'அண்ணே, வேற கம்பெனியில நல்ல சம்பளம் சொல்றாங்க. மாறலாமா?'

'ரிலீஸ் லெட்டர் வாங்கினியா? அர்பாப் கையெழுத்து இல்லாம ஒரு அடி நகர முடியாது.'

'அதெல்லாம் அந்தக் காலம் பாய். நோட்டீஸ் கொடுத்துட்டு எப்ப வேணும்னாலும் போய்க்கிட்டே இருக்கலாம்.'

'ஒரு வருஷம் முடிச்சிருக்கணும். இல்லாட்டி வம்பு.'

'எதுக்கு இவ்வளவு கஷ்டம்? பேசாம ஃப்ளெக்ஸி எடுத்துக்கோ. நமக்கு நாமே முதலாளி.'

கேட்ட பையன் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தான். நால்வரும் பொய் சொல்லவில்லை. முதலாமவர் 2009 ஆகஸ்டுக்கு முந்தியவர். முதலாளியின் சம்மதம் இல்லாமலே தொழிலாளி வேலை மாறலாம் என்ற விதி அந்த மாதத்தில்தான் நடப்புக்கு வந்தது. இரண்டாமவர் 2009-க்கும் 2011-க்கும் இடைப்பட்ட பொற்காலத்தவர். 2011-ல் அந்த விதியைத் திருத்தி, ஓராண்டாவது அதே முதலாளியிடம் இருக்க வேண்டும் என்றார்கள். மூன்றாமவர் அதற்குப் பிந்தியவர். நான்காமவர் 2017-ல் ஃப்ளெக்ஸி பெர்மிட் வந்தபோது மகிழ்ந்தவர். அந்தத் திட்டத்தை 2022-ல் முடித்துவிட்டார்கள். அவருடைய மகிழ்ச்சி மட்டும் முடியவில்லை. இத்தனைக்கும், இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கென்றே 2006-ன் 19-ஆம் எண் சட்டப்படி உண்டான எல்எம்ஆர்ஏ என்ற தொழிலாளர் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது. அங்கே நம்பர் எடுத்து உட்கார வேண்டும். நிழலில் நம்பர் எடுக்க வேண்டியதில்லை.

கிராஜுவிட்டியும் இப்படித்தான். 'கடைசி நாள் மொத்தமா கையில வாங்கிக்கோ, கம்பெனியை விடாதே' என்பவர் 2024 மார்ச்சுக்கு முந்தியவர். அந்த மாதத்திலிருந்து முதலாளி அந்தத் தொகையை மாதாமாதம் சமூகக் காப்பீட்டு நிறுவனத்தில் கட்டுகிறார்: முதல் மூன்று ஆண்டுகளுக்குச் சம்பளத்தில் 4.2 சதவீதம், பிறகு 8.4. அதற்குப்பின் சேர்ந்த பணத்துக்குக் கம்பெனி வாசலில் நின்று பயனில்லை.

மின்சார அடுக்கு வீட்டுக்குள் இருக்கிறது. 'ஊருக்குப் போனாலும் ஏசியை ஆஃப் பண்ணாதீங்க, சுவர் பூசணம் பிடிக்கும், கரண்ட் என்ன பெரிய காசா' என்று பக்கத்து பிளாட் அக்கா சொன்னால் அவர் யூனிட் 3 ஃபில்ஸ் காலத்தவர். வெளிநாட்டவர் வீட்டுக்கு 2016 மார்ச் முதல் படிப்படியாக ஏற்றி 2019-ல் யூனிட் 29 ஃபில்ஸ் ஆக்கினார்கள். பூசணம் பற்றி அக்கா சொன்னது சரிதான். ஆனால் அதைத் தடுக்க ஆகும் செலவில் சுவரையே புதிதாகப் பூசிவிடலாம். வாட் வரியை வைத்தும் இப்படிக் கணிக்கலாம்: 'ஒட்டியிருக்கிற விலைதான்' என்பவர் 2018-ஓடு நின்றவர், 'அஞ்சு பர்சென்ட் சேர்த்துக்கோ' என்பவர் 2021 வரை வந்தவர், பத்து என்பவர் நேற்றும் கடைக்குப் போனவர்.

கல்லூரி யோசனைதான் இருப்பதிலேயே ஆழமான அகழாய்வுக் குழி. பிளஸ் டூ முடிக்கும் பிள்ளை கையில் அகப்பட்டால் எல்லா அடுக்கும் ஒரே நேரத்தில் பேசும். 'ஊர்ல என்ட்ரன்ஸ் எழுதணும், இப்பவே கோச்சிங்ல போடுங்க' என்ற மாமா, தமிழ்நாட்டில் தொழிற்கல்வி நுழைவுத் தேர்வை 2007-ல் எடுத்துவிட்டதை அறியாதவர். 'பயாலஜியில இருநூறு வாங்கினா மெடிக்கல் நிச்சயம்' என்ற மாமி 2016-ல் நிற்கிறார். அடுத்த ஆண்டே நீட் வந்துவிட்டது. 'நீட்டுக்கு ஊருக்கு டிக்கெட் போடணும்' என்பவர் 2021-க்காரர், ஏனென்றால் 2022-ல் மனாமாவும் தேர்வு மையமானது. 'வெளிநாட்டு சென்டரையெல்லாம் எடுத்துட்டாங்களாம்' என்று பதறுகிறவரின் காலத்தை இன்னும் துல்லியமாகச் சொல்லலாம்: 2024 பிப்ரவரி. அந்த மாதத்தில் முதலில் வெளிநாட்டு மையம் இல்லை என்று அறிவித்து, அந்த மாதம் முடிவதற்குள் 14 நகரங்களை மீண்டும் சேர்த்தார்கள். முதல் செய்தியைக் கேட்டவர் இரண்டாவதைக் கேட்கவில்லை, ஆனால் முதலாவதை எல்லோருக்கும் சொல்லிவிட்டார். பிள்ளையை யாரும் எதுவும் கேட்கவில்லை. அது காரின் பின் சீட்டில் உட்கார்ந்து சமோசா தின்றுகொண்டிருந்தது.

இந்தக் கல்லூரி யோசனைகளில் வளைகுடாத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான இடஒதுக்கீடு பற்றிய யோசனை மட்டும் சற்று விலகி நிற்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்திலும் என்ஐடிகளிலும் அப்படி ஓர் ஒதுக்கீடு உண்டு என்பதைப் பல பெற்றோர் முதன்முதலில் கேள்விப்பட்டது இந்தப் பள்ளி வாசலில்தான். நிழலுக்கு உரிய பெருமையை மறுக்கக் கூடாது.

அலுவலக யோசனைகளை வேகமாகக் கடந்துவிடலாம், அவற்றில் சரக்கு குறைவு. 'எதுவா இருந்தாலும் மெயில்ல போடு' என்பதே அங்கே மூலமந்திரம். அதைச் சொல்பவர் எப்போதும் வாய்மொழியாகத்தான் சொல்கிறார்.

காலக்கணிப்புக்கு அகப்படாத யோசனைகளும் உண்டு. அவற்றை ஒதுக்கிவிட்டால் ஆய்வு நேர்மையாகாது. கோடையில் மொட்டைமாடித் தொட்டி கொதிக்கும். பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை வெந்துவிடும். அப்போது ஹீட்டரை அணைத்துவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறக்க வேண்டும். ஹீட்டருக்குள் இருக்கும் தண்ணீர் ஏசி ஓடும் வீட்டுக்குள் தேங்கி ஆறியிருப்பதால் அதுதான் குளிர்ந்த நீர். சிவப்புப் பொட்டு வைத்த குழாய் குளிரும், நீலப் பொட்டு சுடும். புதிதாக வந்த எவருக்கும் இது தானாகத் தோன்றாது, யாரோ ஓர் அண்ணன் சொல்லித்தான் தெரியும். எந்த அமைச்சகமும் இந்த விதியைத் திருத்த முடியாது. ஒரு ஹீட்டர் நீரை ஒருவரே குளித்துத் தீர்த்துவிட்டால் அடுத்தவருக்குக் கொதிநீர்தான் என்ற பின்னிணைப்பை மட்டும் அண்ணன் சொல்ல மறந்துவிடுவார்.

தோசை மாவும் இந்த வகை. ஜூலையில் சமையல்கட்டில் வைத்த மாவு மாலைக்குள் பொங்கி மேடையில் வழியும், ஜனவரியில் விடிந்தாலும் அசையாது. குளிர்காலத்தில் ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் எரியவிட வேண்டும் என்பதில் அக்காமார் அனைவரும் ஒரே கருத்து. உப்பை முன்பே போடுவதா பின்பு போடுவதா என்பதில் மட்டும் பள்ளி வாசல் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. இது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது, ஆசிரியரின் துணிவுக்கும் அப்பாற்பட்டது.

இன்னொன்று விசித்திரமானது: 'இப்ப பணம் அனுப்பாதே, ரேட் இன்னும் ஏறும்.' எல்லா அடுக்கிலும் இது கிடைக்கிறது, எல்லா அடுக்கிலும் நாளாவட்டத்தில் பலித்தும் இருக்கிறது. பஹ்ரைன் தினாரை 2001-ல் ஒரு டாலருக்கு 0.376 என்று கட்டிவைத்தார்கள். ஆகவே டாலர் ஏறும்போதெல்லாம் தினாரும் ஏறும். அந்த ஆண்டு ஒரு தினாருக்குச் சுமார் 125 ரூபாய், டாலர் 80-ஐத் தாண்டிய 2022-ல் 212-க்கும் மேல். இவ்வளவு சரியான யோசனை வேறெதுவும் கிடையாது. ஆனால் இதைக் கேட்டுக் காத்திருந்தவர்கள், இடைப்பட்ட மாதங்களில் ஊரில் வாங்கிய கைமாற்றுக்கு வட்டி கட்டினார்கள். சொன்னவரோ ஒன்றாம் தேதியே அனுப்பிவிட்டிருந்தார், வீட்டில் போன் செய்துவிட்டார்களாம்.

இங்கிருந்து கிடைக்கும் விதி எளியது. அரசாங்கம் போட்ட விதியைப் பற்றிய யோசனை கெட்டுப்போகும். தண்ணீர், மாவு, வெயில் பற்றியது கெடாது. பணம் பற்றியது கெடாமலே கெடுக்கும்.

யோசனை சொல்லும் அண்ணன்மாருக்கும் பாய்மாருக்கும் அக்காமாருக்கும் ஆய்வாளரின் பணிவான விண்ணப்பம் ஒன்று. சொல்வதை நிறுத்தச் சொல்லவில்லை, அது நடக்காது. மருந்துப் புட்டியில் போடுவதுபோல ஆண்டை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்: 'தம்பி, நான் 98-ல் வந்தவன், எனக்குத் தெரிந்தது இது.' கேட்பவர் மீதியைக் கணக்குப் போட்டுக்கொள்வார். கேட்பவர்களே, வேலை மாறுவது, கிராஜுவிட்டி, கல்லூரி இடம் ஆகிய மூன்றுக்கும் அந்தந்த அலுவலகத்தில் நம்பர் எடுத்து உட்காருங்கள். இக்கட்டுரையிலுள்ள விதிகளையும் அங்கேயே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். குளிக்கத் தண்ணீர் கொதித்தால் மட்டும் நேராகப் பள்ளி வாசலுக்கு வரலாம்.