கண் நன்றாகத் தெரியும்போது பரிசோதனை எதற்கு?

கேள்வி: பார்வையில் குறையே இல்லாதவர் கண் மருத்துவரிடம் போக வேண்டுமா? (வாசகர், திருவேங்கடம்)

பதில்: வேண்டும். கண் நீர் அழுத்த நோய் பெரும்பாலும் வலியில்லாமல் வரும். ஓரப் பார்வையை முதலில் அரிக்கும். எதிரே இருப்பது தெளிவாகத் தெரிவதால் இழப்பு புலப்படாது. போன பார்வை திரும்பாது. ஆகவே 40 வயதைக் கடந்தவரும், குடும்பத்தில் இந்நோய் உள்ளவரும் கண் அழுத்தம், நரம்பு இரண்டையும் சோதிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம்.

வெள்ளெழுத்து வேறு. 40-ஐ ஒட்டி, செய்தித்தாளைத் தள்ளிப் பிடிக்கக் கை நீளம் போதாமல் போகும். கண்ணாடி போட்டால் தீர்ந்தது. தீப்பெட்டி வேலை, தையல் என்று கிட்டத்தில் பார்க்கும் திறனை நம்பிப் பிழைக்கும் திருவேங்கடம் வட்டாரப் பெண்களுக்கு அது கூலியைக் காக்கும் கருவி. வெட்கம் எதற்கு?

இன்னொரு எச்சரிக்கை: கண் சிவந்தால் தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடக்கூடாது. மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து கண் அழுத்தத்தைக் கூட்டும், புரையையும் வரவழைக்கும்.

பரிசோதனைக்கு எங்கே போவது? எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, ஓய்வுக்குப் பின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் திருநெல்வேலிக் கிளை 1988 முதல் இயங்குகிறது. அரசு மருத்துவமனைகளில் கண் பரிசோதனை இலவசம். 40 தாண்டியவர்கள் இந்த மாதமே போய்வாருங்கள்.