வாசற்படி முதல் ஊறுகாய் ஜாடி வரை: ஆமத்தூர் வட்டாரத்து நடுத்தரச் சாணைக்கற்கள் குறித்த ஓர் ஒப்பாய்வு

தமிழில் வாளைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். வெங்காயம் நறுக்குகிற கத்தியைப் பற்றி எழுதியவர்கள் சொற்பம். அந்தக் கத்தி மழுங்கிப்போனால் எந்தக் கல்லில் தேய்ப்பது என்று கேட்டால் இலக்கியம் கையை விரிக்கிறது. திருவள்ளுவர் அரத்தை மூன்று குறள்களில் (567, 888, 997) எடுத்தாள்கிறார். கட்டளைக்கல்லை ஒரு குறளில் (505) வைக்கிறார். சாணைக்கல் பக்கம் திரும்பவே இல்லை. வாசுகி அம்மையாரின் அருவாமனை மழுங்கியதே இல்லை போலும். புறநானூறு 95ஆம் பாட்டில் ஒளவையார் தொண்டைமானின் ஆயுதங்களைப் பார்க்கிறார். அவை நெய் பூசி, மாலை சூட்டிக் காவலில் இருக்கின்றன. அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. உழைக்கிற கருவிதான் பட்டறைக்குப் போகும் என்று குத்திக்காட்டிவிட்டு அவர் கிளம்பிவிட்டார். பட்டறையில் என்ன கல் இருந்தது, முரடா நைஸா, தண்ணீர் விட்டார்களா எண்ணெய் விட்டார்களா என்று விசாரிக்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டுக் காலமாகத் திறந்து கிடக்கும் இந்த ஓட்டையை அடைக்கவே இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது.

ஆய்வுக்களம் ஆமத்தூர். விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையில் இருக்கும் ஊர். சாலையின் ஒரு முனையில் எண்ணெய்ப் பரோட்டாவுக்காக வெங்காயம் மூட்டை மூட்டையாக அரியப்படுகிறது. மறுமுனையில் காலண்டருக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் காகிதம் கட்டுக் கட்டாக வெட்டப்படுகிறது. வெட்டுதல் என்ற வினையை ஆராய இதைவிடத் தோதான இடம் உண்டா என்று தெரியவில்லை. (கொத்துப் பரோட்டாத் தகடு ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அது மழுங்கலாக இருந்தால்தான் சத்தம் நன்றாக வரும்.)

முதலில் ‘நடுத்தரம்’ என்றால் என்ன என்பதை வரையறுக்க வேண்டும். ஜப்பானியர் சாணைக்கற்களை அராதோ, நகாதோ, ஷியாகேதோ என்று முரடு, நடு, முடிப்பு எனப் பிரித்திருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் சுமார் 800இலிருந்து 2000 எண் வரை நடுத்தரம். எண் ஏற ஏறத் துகள் சிறுக்கும். 1000 எண் கல்லில் துகளின் அளவு பத்துப் பதினைந்து மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை நூறு பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு, கொஞ்சம் கூட. தேய்ப்பதற்குத் தண்ணீர் மட்டும் போதும் என்பதால் இவற்றுக்கு நீர்க்கல் என்று பெயர். ‘கிங்’ 1000 கல்லைத் தொட்டியில் போட்டால் குமிழி விட்டுக்கொண்டு ஐந்து பத்து நிமிடம் தண்ணீர் குடிக்கும். பிறகுதான் வேலைக்கு வரும். கல் மெத்து, சீக்கிரம் நடுவில் குழியும். ‘ஷாப்டன்’ 1000 ஆரஞ்சு நிறம், கெட்டி. மேலே நாலு சொட்டுத் தெளித்தால் போதும், குழிவதும் மெதுவாகத்தான். குடிதண்ணீர்க் குழாயில் எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருக்கும் வட்டாரத்தில், கல்லும் வரிசையில் நிற்பதை நியாயப்படுத்த முடியாது. இந்த ஒரு காரணத்தாலேயே ஆமத்தூர்ப் பிரிவில் ஷாப்டன் முந்துகிறது.

இந்த விவரத்தைத் தகவலாளர் ஒருவரிடம் (மதினி முறை, அருவாமனை அனுபவம் நாற்பதாண்டுக்கு மேல்) விளக்கியபோது கிடைத்த மறுமொழி பதிவு செய்யத்தக்கது.

“கல்லுக்கு நம்பர் வேறயா? வாசப்படியில நாலு இழு இழுத்தா ஆச்சு. இதுக்குப் போயி காசக் குடுத்துக் கல்லு வாங்குவாகளா?”

ஆகவே ஆய்வு வாசற்படியிலிருந்து தொடங்குகிறது. நம் படிகள் பெரும்பாலும் கருங்கல். அதில் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா என்று மூன்று வகைக் கனிமம் கலந்திருக்கும். 1812இல் ஃபிரெட்ரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை வரிசையில் குவார்ட்ஸுக்கு 7, ஃபெல்ஸ்பாருக்கு 6, மைக்காவுக்கு மூன்றை ஒட்டி. பதம் போட்ட எஃகு ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் நிற்கிறது. ஆக, கத்தியை முக்கியமாகத் தேய்ப்பது குவார்ட்ஸ்தான். ஃபெல்ஸ்பார் முனகும், மைக்கா பளபளக்கும். ஒருவர் எழுத, மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் அலுவலகம் மாதிரி. துகள் எல்லாம் ஒரே அளவாக இல்லாததால் ஓர் இழுப்பில் 200 எண், அடுத்த இழுப்பில் 2000 எண் என்று கல் மனம்போன போக்கில் நடந்துகொள்கிறது. கூர் ஏறுவது உண்மை. அந்தக் கூரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கருக்கரிவாள் மாதிரி பல் பல்லாக இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் தக்காளித் தோலுக்கு அந்தப் பல்தான் தேவை. கண்ணாடி போல மெருகேற்றிய கத்தி தக்காளியின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். மதினியின் கோட்பாட்டில் அறிவியல் இருக்கிறது என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அம்மிக்கு இதே முடிவுதான், கூடுதலாக ஒரு சிக்கலும் உண்டு. அம்மியின் மேற்பரப்பைக் கொத்திக் கொத்தி முரடாக்கி வைத்திருப்பார்கள், கத்தி அங்கே போனால் கூரும் போகும், வீட்டில் மரியாதையும் போகும். பக்கவாட்டு விளிம்பில் மட்டும் அனுமதி. துவைக்கிற கல் இதைவிட மேல். பல வருஷம் துணி அடித்தடித்து வழவழப்பாகியிருக்கும், தண்ணீரும் பக்கத்திலேயே. சோப்பு நுரை மிச்சமிருந்தால் தேய்ந்த இரும்புத்தூளை அள்ளிக்கொண்டு போய்விடும்.

இவ்வாய்வின் எதிர்பாராத வெற்றியாளர் ஊறுகாய் ஜாடி. பீங்கான் ஜாடியைக் கவிழ்த்தால் அடியில் ஒரு வட்டம் மட்டும் மெருகு பூசாமல் சொரசொரவென்று இருக்கும். சூளையில் வைக்கும்போது ஒட்டிக்கொள்ளாமலிருக்க அப்படி விட்டுவிடுவார்கள். அந்த வட்டம் எஃகைவிடக் கெட்டி, துகளும் சீர். எவர்சில்வர் டம்ளரில் காபி குடிக்கும் நம் வீடுகளில் பீங்கான் கோப்பை அருகிப்போனாலும் ஜாடி இருக்கிறது. கத்தியை அதில் மெதுவாக இழுத்தால் மெலிதான கூர் ஏறுகிறது, நடுத்தரத்தின் மேல்படி என்றே சொல்லலாம். குறை ஒன்றுதான். ஜாடி காலியாக இருக்க வேண்டும், ஆவக்காய் போட்ட மாதத்தில் இந்தக் கல் விடுப்பில் போய்விடும்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இருபக்கக் கார்போரண்டம் கல் அடுத்தது. 1891இல் செயற்கை வைரம் செய்யப் புறப்பட்ட அமெரிக்கர் எட்வர்டு அச்சிசன், களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தில் சுட்டபோது தற்செயலாகக் கிடைத்த பொருள் இது. மோஸ் வரிசையில் ஒன்பதைத் தாண்டி நிற்கும், எஃகு இதற்கு ஒரு பொருட்டே அல்ல. கடைக்காரர் ‘இந்தப் பக்கம் நைஸ்’ என்று சொல்லிக் கொடுக்கும் பக்கமும் ஜப்பானியக் கணக்கில் முரட்டுப் பிரிவிலேயே அடங்கும். ஆயினும் மொக்கையாகி, வாய் போன கத்தியைத் திரும்பக் கொண்டுவர இதை விட்டால் வேறு நாதியில்லை. முதலில் இதன் நைஸ் பக்கம், அப்புறம் ஜாடி என்று இரண்டு கட்டமாகப் போனால், ஜப்பான்காரர் நகாதோவில் எடுக்கும் கூரை ஏறத்தாழ எட்டிவிடலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் கல். இந்த மண்ணின் பழைய நீர்க்கல்லோ கல்லே அல்ல, பலகை. பனையேறிகள் பாளை சீவும் அரிவாளைத் தீட்டுவது மரத்துண்டின் மேல். வெள்ளைக்கல்லைப் பொடித்துச் சலித்து, அந்தப் பொடியை மரத்தில் தூவித் தேய்ப்பார்கள். வெள்ளைக்கல் என்பது குவார்ட்ஸ். மரம் மெத்து, பொடி கெட்டி. பொடி மரத்தில் பாதி புதைந்தும் பாதி உருண்டும் இரும்பைத் தின்கிறது. நீர்க்கல்லில் நடப்பதும் இதே வேலைதான். மெத்தென்ற கல்லிலிருந்து கெட்டித் துகள்கள் உதிர்ந்து, தண்ணீரோடு சேர்ந்து சேறாகும். வேலையில் பெரும்பங்கு அந்தச் சேறு செய்வது. அதனால்தான் தேய்க்கும்போது சேற்றைக் கழுவிவிடாதே என்கிறார்கள். வாசற்படியில் கிடைக்காத சீரான துகள், சலித்த பொடியில் கிடைத்துவிடுகிறது. பாளையின் நுனியை நாளுக்கு இருவேளை இலை கனத்துக்குச் சீவ வேண்டும். வெட்டு பிசிறினால் பதநீர் சரியாகச் சுரக்காது. அந்தத் தொழிலுக்குத் தாங்குகிற கூரை இந்தப் பலகை கொடுத்திருக்கிறது. ‘தீட்டின மரத்துலயே கூர் பாக்காதே’ என்ற பழமொழியைப் பெரியவர்கள் நன்றி கெட்டவனைத் திட்டுவதற்காக மட்டும் வைத்திருக்கிறார்கள். இவ்வாய்வு அதைத் தொழில்நுட்ப அறிவுரையாகவும் பதிவு செய்கிறது. கூர் பார்க்கத் தக்காளி இருக்கிறது.

தெருவில் வரும் சாணைக்காரரின் சைக்கிள் சக்கரத்தை ஒப்பாய்வில் சேர்ப்பதா என்ற கேள்வி எழுந்தது. உலர்ந்த சக்கரம் வேகமாகச் சுற்றும்போது எஃகின் துணுக்குகள் சூடேறிப் பொறியாகப் பறக்கின்றன. கையசைவு தெரிந்தவர் சக்கரத்தில் கத்தியைத் தொட்டுத் தொட்டு எடுப்பார், நடுநடுவே தண்ணீரில் தோய்ப்பார். தெரியாதவர் அழுத்திப் பிடித்தால் கூர்முனை நீலம் பாரிக்கும். அந்த நீலம் ஏறத்தாழ 300 டிகிரியைத் தொட்டதற்கான அடையாளம், அங்கே பதம் போயிற்று. பிறகு எத்தனை முறை தீட்டினாலும் ஒரு வாரத்தில் மழுங்கிவிடும். ஆமத்தூர்ப் பக்கம் பொறியைப் பற்றி நையாண்டி எழுத எனக்கு மனம் வரவில்லை. பட்டாசு ஆலையில் மருந்து கையாளும் அறைக்குள் இரும்புக் கருவி கூடாது, மரம், செம்பு, பித்தளை போன்றவைதான். உள்ளே போகும்போது உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். இந்த ஒழுங்கு தவறிய நாட்களின் கணக்கு இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பகலெல்லாம் அப்படி வேலை பார்த்துவிட்டு வருகிறவர், பொறியே பறக்காத நீர்க்கல்லை அடுப்படியில் விரும்பினால் அதற்குத் தனியாக ஆய்வு தேவையில்லை.

சிவகாசி அச்சகங்களின் கட்டிங் மிஷின் கத்தியைச் சாணை பிடிக்கும் இயந்திரத்திலும் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆள் உயரத்தில் முக்கால் நீளம் இருக்கும் அந்தக் கத்தி ஒரே நேர்கோட்டில், சூடேறாமல் தேய வேண்டும். கொஞ்சம் பல் விழுந்தாலும் நூற்றுக்கணக்கான தாளில் ஒரே இடத்தில் கோடு விழும். ஆக மொத்த வட்டாரமும் நீர்க்கல் கட்சிதான். அடுப்படி மட்டும் இன்னும் உறுப்பினர் அட்டை வாங்கவில்லை.

கல் முடிவானாலும் கோணம் தப்பினால் எல்லாம் வீண். வீட்டுக் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 15இலிருந்து 20 டிகிரி சாய்வு வேண்டும். இதற்காக வெளிநாட்டில் விதவிதமான பிளாஸ்டிக் கிளிப் விற்கிறார்கள். இங்கே அதற்கு அவசியமில்லை. ஐந்து சென்டிமீட்டர் அகலக் கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து ஒன்றேகால் முதல் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் தூக்கினால் இந்தச் சாய்வு வந்துவிடும். படுக்கவைத்த சின்னத் தீப்பெட்டியின் கனம் ஏறத்தாழ அவ்வளவுதான். 2021 டிசம்பரில் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய்க்கு உயர்ந்த பிறகும், உலகத்தில் இதைவிட மலிவான கோணமானி இல்லை. அளவு பார்த்துக் கையில் சாய்வு பதிந்ததும் பெட்டியை எடுத்துவிடுங்கள், நனைந்தால் காபி போட முடியாது. பெட்டியின் பக்கவாட்டு மருந்துப் பட்டையிலும் கண்ணாடித்தூள் இருப்பதால் அதையும் சாணையாகக் கொள்ளலாமே என்று ஒரு கல்லூரி மாணவர் முன்மொழிந்தார். முன்மொழிவு நிராகரிக்கப்பட்டது.

தேய்க்கும் முறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே வந்தால் மறுபக்க விளிம்பில் நகத்தில் தட்டுப்படும் பிசிறு கிளம்பும். முழு நீளத்துக்கும் அது வந்த பிறகு திருப்ப வேண்டும். கடைசியில் அழுத்தாமல் மாற்றி மாற்றி இழுத்துப் பிசிறை உதிர்க்க வேண்டும். அருவாமனை அசையாது என்பதால் அதற்குக் கல்லைத்தான் கொண்டுபோய்த் தேய்க்க வேண்டும். விரல் கல்லின் பின்னால் இருக்கட்டும்.

இவ்வளவு பாடும் எதற்கு என்று மதினி கேட்டார். 2025இல் கார்னெல் பல்கலைக்கழகத்தார் வேகக் கேமரா வைத்து வெங்காயத்தை வெட்டிப் பார்த்த கதையைச் சொன்னேன். மழுங்கிய கத்தி தோலை அழுத்தி வளைத்து, உள்ளே அழுத்தம் ஏற்றி, சாற்றை அதிக வேகத்தில் கண்ணை நோக்கித் தெறிக்கவிடுகிறது. கூரான கத்தியில், நிதானமாக வெட்டினால், தெறிப்பு குறைவு.

“அப்ப இத்தன வருசம் அழுதது கத்தியாலயா? நான் உங்க அண்ணனாலன்னுல்ல நெனச்சேன்” என்றார் மதினி. இத்தகவல் ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

தீர்ப்பு இதுதான். நம் வீட்டுக் கத்தியின் எஃகு மெத்து. அதற்கு ஆறாயிரம் எட்டாயிரம் எண் கல் வாங்குவது வீண் செலவு, அந்த மெருகு இரண்டு நாள் தாங்காது. ஆயிரம் எண்ணில் ஒரு கல் வாங்க முடிந்தால் வாங்குங்கள், ஆயுசுக்கும் வரும். முடியாவிட்டால் கார்போரண்டத்தின் நைஸ் பக்கமும் காலி ஊறுகாய் ஜாடியும் போதும். கார்போரண்டத்தில் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். ஒருமுறை எண்ணெய் குடித்த கல் அப்புறம் தண்ணீர் குடிக்காது. கல்லை ஊறப்போட்ட பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவதற்கு முன் நன்றாகக் கழுவிவிடுங்கள்.