அடுப்படிப் பெயர்

கேள்வி: பிரான்சில் 'ஃபூர்னியே' என்ற குடும்பப் பெயர் அடிக்கடி கண்ணில் படுகிறதே, ராஜ வம்சமோ?

பதில்: வம்சமாவது! ரொட்டி அடுப்பைக் கவனித்தவர் என்றுதான் அர்த்தம். அந்தக் காலத்தில் ஊருக்கே பொது அடுப்பு; அதுவும் பிரபுவுக்குச் சொந்தம். வீட்டில் பிசைந்த மாவை அங்கே தூக்கிக்கொண்டு போய், கட்டணம் அழுதுதான் சுட வேண்டும். வசூல் பிரபுவுக்கு, வசவு அடுப்புக்காரருக்கு!

செல்லோ மேதை பியேர் ஃபூர்னியே இந்தப் பெயர்க்காரர்தான். அலென் ஃபூர்னியே 1913-ல் ஒரே நாவலை வெளியிட்டுவிட்டு, மறு வருடமே 27 வயதில் போர்முனையில் மாண்டார். ஆனால் என் ஓட்டு, 1737-ல் அச்செழுத்துக்குப் பாயின்ட் அளவுமுறை வகுத்த பியேர் சிமோன் ஃபூர்னியேவுக்கே. பத்திரிகைக்காரன் விசுவாசம், மன்னியுங்கள்.